பெரியப்பா படம் இடது பக்கம் நகர்ந்த கதை

ஒரு சாஃப்ட்வேரை ஆறு மாதம் உட்கார்ந்து ஒழுங்காகக் கற்றுக்கொண்டவர்கள் அடக்கமாக இருப்பார்கள். கேட்டால் "ஏதோ கொஞ்சம் தெரியும்" என்பார்கள். நான் மூன்று நாள் கற்றுக்கொண்டிருந்தேன். ஆகவே எனக்கு எல்லாமே தெரிந்திருந்தது.

அந்த மூன்று நாள் ஞானத்தை வைத்துக்கொண்டு, செத்துப்போன என் பெரியப்பாவை அவருடைய பதினாறாம் நாள் காரியத்தில், சந்து நிறைய உட்கார்ந்திருந்த ஜனங்களுக்கு எதிரில், இருபத்தொன்பது இன்ச் டிவியில் அவருடைய தம்பி பக்கமாக நடக்க விட்டேன். இதை நான் பலமுறை ஒப்புக்கொள்ள முயன்றிருக்கிறேன். ஒருத்தரும் என்னை ஒப்புக்கொள்ள விடவில்லை. இப்போது எழுத்தில் முயல்கிறேன்.

அப்போது எனக்கு இருபது வயது. செல்போனில் பாம்பு விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்த காலம். ராயபுரத்திலிருந்து திருவொற்றியூருக்கு பஸ் பிடித்துப் போய் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் 'மல்டிமீடியா' படித்துக்கொண்டிருந்தேன். (என்ன மீடியா என்று கேட்டால் எனக்கே தெரியாது. கேட்டவர்களை ஒரு பார்வை பார்ப்பேன், அவ்வளவுதான்.) கூடப் படித்த ஒருத்தி ஒரு சிடி கொடுத்தாள். போட்டோக்களை வரிசையாக உள்ளே போட்டால் அது சினிமா மாதிரி ஆக்கிக் கொடுக்கும் சாஃப்ட்வேர். ஒவ்வொரு போட்டோ மேலும் இரண்டு பெட்டி வரும். பச்சைப் பெட்டியை எங்கே வைக்கிறோமோ அங்கே படம் ஆரம்பிக்கும். சிவப்புப் பெட்டியை வைத்த இடத்தில் போய் முடியும். நடுவில் அதுவே மெல்ல ஊர்ந்து போகும். கிட்டே போகும், தள்ளி வரும், இந்த மூஞ்சியிலிருந்து அந்த மூஞ்சிக்குத் திரும்பும். அசையாத போட்டோவை அசைய வைத்த முதல் ராயபுரத்துப் பெண் நான்தான் என்று முடிவு செய்துகொண்டேன்.

முதலில் என் ஸ்கூல் போட்டோவைப் போட்டு, என் முகத்தைப் பதிமூன்று விதமாகக் கிட்டே கொண்டுவந்தேன். அதை டிவியில் பார்த்த அம்மா, "ஏன்டி கிட்ட கிட்ட வந்துகினே கீற? பயமா கீது, நிறுத்து" என்றாள். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது எங்கள் குடும்பச் சண்டையைச் சொல்லியாக வேண்டும். சின்னச் சண்டைதான், ஆறு வருஷம் நடந்தது.

பெரியப்பா சொந்தமாக விசைப்படகு வைத்திருந்தார். அவருடைய தம்பி, அதாவது என் அப்பா (வீட்டில் கூப்பிடுவது நைனா), கடல் ஒத்துவரவில்லை என்று எண்ணூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஃபிட்டர் வேலைக்குப் போனவர். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். பெரியப்பாவுக்கு இரண்டு பெண்கள், பையன் இல்லை. மூத்தவள் சாந்தி அக்கா கல்யாணத்தில்தான் சண்டை வந்தது. நிலம் நீச்சு என்று ஒன்றும் இல்லை. பத்திரிகை. 'தங்கள் வரவை ஆவலுடன் எதிர்பார்க்கும்' என்று பதினோரு பேர் போட்டிருந்தார்கள். படகு டிரைவர் பேர் இருந்தது. அச்சகக்காரர் தன் பேரைக்கூட அடியில் போட்டுக்கொண்டிருந்தார். கூடப் பிறந்த தம்பி ஏழுமலை பேர் இல்லை.

"எய்தித்தான்டா குடுத்தேன். அச்சாபீஸ்காரன் வுட்டுட்டான்" என்றார் பெரியப்பா. "வுட்டா வேற அடிக்கறது. துண்டுச் சீட்டு ஒட்டறது. மனசு வேணும்" என்றார் அப்பா. "ஒரு தபா சொல்லிட்டேன். இன்னொரு தபா சொல்ல மாட்டேன்" என்றார் பெரியப்பா. சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சே கிடையாது. மூன்றடி தூரத்தில் நின்றுகொண்டு, "விமலா, உன் பெரியப்பன்கிட்ட சொல்லு, தண்ணி வருதுன்னு" என்பார் அப்பா. "விமலா, தெரியும்னு சொல்லு" என்பார் பெரியப்பா. நான் வாயைத் திறப்பதற்குள் இரண்டு பேரும் குடத்தை எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். பெண்கள் நாங்கள் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குழம்பு மாற்றிக்கொண்டு சௌக்கியமாகத்தான் இருந்தோம்.

திடீரென்று ஒரு காலையில் பெரியப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். அப்பா செருப்புகூடப் போடாமல் ஓடினார். ஆனால் வாசல் தாண்டி உள்ளே போகவில்லை. நாள் முழுக்கத் தெருவில், கால்வாய் ஓரத்தில் குந்திக்கொண்டு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டிருந்தார். மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்கு எடுத்துப்போனபோது சாந்தி அக்கா புருஷன் சேகர் மாமாதான் முன்னால் கொள்ளிச் சட்டி பிடித்துப் போனார். அப்பா கூட்டத்தோடு கூட்டமாகப் பின்னால் நடந்தார். கூடப் பிறந்த அண்ணன் சாவில் மனுஷன் யாரோ மாதிரி போனார்.

மறுநாள் பெரியம்மா, ஊர்ப் பெரியவர்கள் எல்லாரும் இருக்கும்போது சத்தமாகச் சொன்னாள். "உசுரோட கீறப்போ ஒரு வார்த்த பேசாதவன், செத்தப்புறம் இன்னாத்துக்கு உரிம கொண்டாடறது? உருமா எம் மருமவன்தான் கட்டிப்பான். ஏழுமல என் வாசப்படி மிதிக்கக் கூடாது."

உருமா என்றால் தலைப்பாகை. எங்கள் பக்கம் பதினாறாம் நாள் காரியத்தில், போனவருக்கு அடுத்து யாரோ அவர் தலையில் புதுத் துணியைக் கட்டுவார்கள். கட்டிக்கொள்கிறவருக்குப் பெண் கொடுத்த வீட்டுக்காரர்கள்தான் அதைக் கட்டிவிட வேண்டும். அந்தத் துணி ஏறிய தலைதான் இனிக் குடும்பத்துக்குத் தலை. பையன் இல்லாத வீட்டில் கூடப் பிறந்த தம்பிக்குத்தான் கட்டுவது வழக்கம். பெரியம்மா அந்த வழக்கத்தை வாசலோடு சேர்த்துச் சாத்திவிட்டாள்.

"எனக்கு வேணாம். யார்ரா கேட்டது இப்போ?" என்றார் அப்பா. யாரும் கேட்கவில்லைதான். ஆனால் பதினாலாம் நாள் போய் முடி வெட்டிக்கொண்டு வந்தார். புது வேட்டி ஒன்று வாங்கி, "கம்பெனில தேவப்படும்" என்றார். (ஃபிட்டருக்கு எதற்குக் கரை வேட்டி என்று அம்மா கேட்கவில்லை. அவளும் பாவம்.) எண்ணூரிலிருந்து என் தாய்மாமா வந்து இறங்கினார். கையில் ஒரு மஞ்சள் பை. அதை மடியிலேயே வைத்துக்கொண்டு காப்பி குடித்தார். உள்ளே உருமாத் துணி இருந்தது. "சொம்மா வெச்சுகினு இருப்போம். ஒருவேள கூப்ட்டாங்கன்னா?" என்று அம்மா காதில் சொன்னார். அப்பா கேட்காத மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிடுவார்களா? எங்கள் வீட்டில் எல்லாரும் அந்த இரண்டு நாளும் அதை மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

இந்த நிலைமையில்தான் நான் கலையுலகில் இறங்கினேன்.

சாந்தி அக்கா பதினோராம் நாளே ஒரு பிளாஸ்டிக் பை நிறைய போட்டோவோடு அழுதுகொண்டு வந்திருந்தாள். "விமலா, நீதான் கம்ப்யூட்டர்லாம் படிச்சுகினு கீறியே. உருமா கட்றதுக்கு முன்னாடி அப்பாவ டிவில காட்டணும்னு அவரு சொல்றாரு. ஷாமியானா போட்டு எங்க வூட்டு டிவியவே வெச்சுடறோம். அப்பா அப்டியே வர்ற மாதிரி பண்ணிக் குடுடி."

"கவலய வுடுக்கா. ஒவ்வொரு போட்டோவயும் நானே என் கையால நகத்துவேன். எங்க ஆரம்பிக்கணும், எங்க போய் நிக்கணும், எல்லாம் யோசிச்சு யோசிச்சுப் பண்ணுவேன்" என்றேன். இந்த வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருந்தால் என் வாழ்க்கை வேறு மாதிரி போயிருக்கும்.

எண்பத்து நாலு போட்டோ. ஆல்பத்து பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டிருந்ததைப் பிய்த்து, துடைத்து, ஸ்கேன் செய்யவே இரண்டு நாள் போனது. பிறகு பச்சைப் பெட்டி, சிவப்புப் பெட்டி. ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து நாலு போட்டோ முடித்தேன். நிஜமாகவே அழகாக வந்தது. பெரியப்பா படகு முனையில் நிற்கிறார், தூரத்திலிருந்து மெல்லக் கிட்டே வருகிறார். நானே பார்த்து நானே அழுதேன். ஐந்தாவது போட்டோவில் கம்ப்யூட்டர் அப்படியே நின்றுவிட்டது. சேமித்தேனா என்றால், இல்லை. மல்டிமீடியா மேடத்துக்கு (நான்தான்) அந்தப் பழக்கமெல்லாம் இல்லை.

திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கும்போதுதான் மூலையில் ஒரு பட்டன் கண்ணில் பட்டது. பட்டன் மேல் தாயக்கட்டை படம். அமுக்கினேன். எண்பத்து நாலு போட்டோவிலும் பச்சையும் சிவப்பும் கண் மூடித் திறப்பதற்குள் போய் உட்கார்ந்துகொண்டன. எங்கே உட்கார்ந்தன என்பது அதன் இஷ்டம். சாஃப்ட்வேர் எழுதினவன் படித்தவன், அவனுக்குத் தெரியாததா என்று விட்டுவிட்டேன். எல்லாம் சேர்ந்து படமாக வர அரை நாள் ஓடியது. பதினைந்தாம் நாள் சாயங்காலம் சென்டரைப் பூட்டும் நேரத்தில் சிடியை உருவி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஒரு தடவைகூடப் போட்டுப் பார்க்கவில்லை. சிடியைக் கவரில் போடாமல் நோட்டுக்குள் செருகி, நோட்டைப் பைக்குள் செருகி, பை மேல் யாரோ ஒரு அம்மா மீன் கூடையை வைத்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் விடியலில் கடற்கரைச் சடங்கு முடிந்து, பத்து மணிக்குள் எல்லாரும் சந்துக்குள் கூடிவிட்டார்கள். ஷாமியானா அடியில் சேகர் மாமா வீட்டு டிவி, பக்கத்தில் மாலை போட்ட பெரியப்பா படம். சேகர் மாமா சந்தன கலர் சட்டையில், உருமாவுக்குத் தோதாகத் தலையை எண்ணெய் போட்டு வாரிக்கொண்டு முன்வரிசையில் இருந்தார். கெட்டவர் இல்லை, உதார்ப் பேர்வழி. பெண்கள் முன்னால் பாயில். பெரியம்மா, அவள் பக்கத்தில் பெரியப்பாவின் தங்கை தனம் அத்தை. (ஆடி மாசம் ஆனால் தனம் அத்தைக்கு அம்மன் வரும். மற்ற மாசங்களிலும் லேசாக வரும்.) அப்பா ஷாமியானாவுக்கு வெளியே, கடைசியில், வெயிலில் நின்றிருந்த ஒரு மீன்பாடி வண்டி மேல் உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் எண்ணூர் மாமா, மடியில் பை.

நான் மைக்கில், "இதுல ஒவ்வொரு படத்தையும் நானே கையால அமைச்சிருக்கேன்" என்று வேறு சொல்லித் தொலைத்தேன்.

படம் ஓட ஆரம்பித்தது. முதல் போட்டோவில் பெரியப்பா முகம் வந்தது. எல்லாரும் உச் கொட்டினார்கள். படம் மெல்லக் கிட்டே போய், இடது காதுக்குள் போய், அங்கேயே நின்றது. காது முடிகூடத் தெரிந்தது. அடுத்தது படகு. படகை விட்டுவிட்டு மேலே மேலே போய் வெறும் வானத்தில் முடிந்தது. "யப்பா, மேல போய்ட்டாருன்னு காட்டுது பாரு" என்று யாரோ மரியாதையாகப் புரிந்துகொண்டார்கள். மூன்றாவது, சின்னவள் காதுகுத்து. கும்பலில் பந்தியில் உட்கார்ந்து வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்த ஒரு ஆள் மேல் போய் நின்றது. அந்த ஆள் பழத்தைக் கடிக்கப் போகிறார், கிட்டே வருகிறார், இன்னும் கிட்டே வருகிறார்.

"யார்ரா அது?"

"தெரிலியேப்பா. சோத்துக்கு வந்தவன் போல கீது."

"அவன இன்னாத்துக்கு இம்மாம் பெருசாக் காட்டுது?"

அடுத்தது பெரியப்பா பெரியம்மா கல்யாணப் போட்டோ. மாலையும் கழுத்துமாக இரண்டு பேர். படம் பெரியப்பாவிடம் ஆரம்பித்து, பெரியம்மாவை அம்போ என்று விட்டுவிட்டு, மூலையில் இருந்த சோடா பெட்டிக்குப் போய்ச் சேர்ந்தது. பின்வரிசையில் ஒருத்தர் தாங்க முடியாமல் சிரித்துவிட்டார். அது பரவியது. துக்க வீட்டில் ஷாமியானாவே குலுங்கியது. பெரியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. நான் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். சாந்தி அக்கா என்னைப் பார்த்த பார்வையில் பால் திரிந்திருக்கும்.

அப்போதுதான் அந்தப் போட்டோ வந்தது.

சாந்தி அக்கா கல்யாணத்து குரூப் போட்டோ. நடுவில் பெரியப்பா. படத்தில் அவருக்கு இடது பக்கம் மாலையோடு சேகர் மாமா. அந்த வரிசையின் இடது கடைசியில், போட்டோகிராபர் இழுத்து வந்து நிறுத்திய என் அப்பா. பத்திரிகைக் கோபம் அப்போது சுடச்சுட இருந்த நேரம். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

படம் பெரியப்பா முகத்தில் ஆரம்பித்தது. மெல்ல இடது பக்கம் நகர்ந்தது. சேகர் மாமா முகம் வந்தது. அங்கே நிற்கவில்லை. அவரைத் தாண்டி, நாலு பேரைத் தாண்டி, நேராக அப்பாவிடம் போய், கிட்டே போய், இன்னும் கிட்டே போய், டிவி முழுக்க அப்பாவின் உம்மென்ற முகமாக ஆனபோது நின்றது. அடுத்த போட்டோ வரவில்லை. மீன் கூடை வேலையைக் காட்டிவிட்டது. சிடி அந்த இடத்தில் சிக்கிக்கொண்டது.

பாட்டும் நின்றுபோனது.

"தம்பீ...!" என்று ஒரு அலறல். தனம் அத்தை தலையை விரித்துப் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டாள். "எந் தம்பிய எங்கடா வெச்சுக்கிறீங்கோ? எந் தம்பி வெயில்ல குந்திகினு கீறான்டா!" குரல் பெரியப்பா குரல் மாதிரியே இருந்ததாக எல்லாரும் சொன்னார்கள். எனக்கு அது தனம் அத்தை குரல் மாதிரிதான் இருந்தது, ஆனால் என்னை யார் கேட்டது?

"அண்ணன் வந்துட்டான்! கற்பூரம் ஏத்துங்க!"

"மாப்ளயத் தாண்டினு போச்சுப்பா. என் கண்ணால பாத்தேன்."

"தம்பிகிட்ட போயி நின்னுச்சு பாரு. நகர மாட்டேங்குது பாரு!"

சேகர் மாமா எழுந்தார். முகம் செத்துவிட்டது. "யோவ், இன்னாய்யா பேசறீங்கோ? அது கம்ப்யூட்டர்ல பண்ணது. இந்தப் பொண்ணுதான் பண்ணுச்சு. அவங்க நைனாவுக்கு உருமா கட்டணும்னு வேணும்னே செட்டப் பண்ணிக்கீது. விமலா! நீயே சொல்லு. நீதானே நகத்துன?"

ஸ்பீக்கருக்குப் பின்னாலிருந்து என்னைக் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார்கள். நான் பண்ணினேன் என்றால் திருட்டுப் பட்டம். அப்பா சந்தில் தலைகாட்ட முடியாது. பயத்தில் உண்மை வெளியே வந்துவிட்டது.

"நான் பண்ணல மாமா! சத்தியமா நான் பண்ணல!"

"அப்ப யாரு பண்ணது?"

"அதுவா பண்ணிச்சு!"

அவ்வளவுதான். கூட்டம் கொந்தளித்துவிட்டது. "அதுவா பண்ணிச்சாம்! புள்ள வாயாலயே சொல்லிடுச்சு!" சாந்தி அக்கா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "எல்லாப் படமும் நானே கையால நகத்துனேன்னு சொன்னியேடி! இத்த மட்டும் நீ பண்ணலியா?" என்றாள். "இல்லக்கா, எதுவுமே நான் பண்ணல. ஒரு பட்டன் கீது. தாயக்கட்ட படம் போட்ருக்கும். அத்த அமுக்குனா அதுவே உருட்டிப் போட்டுக்கும்" என்று கத்தினேன். ஊர்ப் பெரியவர் ஒருத்தர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"தாயக்கட்டைய உருட்டுனது யாரும்மா? அத்தச் சொல்லு."

மல்டிமீடியா பாடத்தில் அதற்குப் பதில் இல்லை.

"திருப்பிப் போடு. இன்னொரு தபா பாத்துடலாம்" என்றார் சேகர் மாமா. பாவம், அவசரத்தில் யோசிக்கவில்லை. திருப்பிப் போட்டேன். காது, வானம், வாழைப்பழம், சோடா, பெரியப்பா. இடது பக்கம் நகர்ந்தது. மாமாவைத் தாண்டியது. அப்பா மூஞ்சியில் நின்றது. சிக்கியது. ஓவென்று சத்தம். சேகர் மாமா மறுபடி போடச் சொன்னார். மறுபடியும் அப்பா. வீட்டுக்கு வீடு சிடி போட்டு ஒரே படத்தைப் பத்து தடவை பார்க்கிற சனம்தான். எத்தனை தடவை போட்டாலும் அதேதான் வரும் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் பெரியவர், "மூணு தபா ஆச்சு. இன்னும் இன்னாய்யா வேணும் உங்களுக்கு?" என்று எழுந்துவிட்டார்.

எல்லாத் தலையும் பின்னால் திரும்பியது. அப்பா வண்டியிலிருந்து இறங்கி வந்தார். கூட்டம் விலகியது. அப்பா யாரையும் பார்க்கவில்லை. டிவிக்கு எதிரில் போய் நின்று, அதில் இருந்த தன் முகத்தைப் பார்த்தார். ஒரு முழம் அகல உம்மணாமூஞ்சி.

"இதுவா நானு?" என்றார். "அண்ணன் பொண்ணு கல்யாணத்துல இப்டியா நின்னுகினு இருந்தேன்?"

"ஆஃப் பண்ணு விமலா."

அமுக்கினேன். எந்த பட்டனை அமுக்கினேனோ, வால்யூம் கோடுதான் ஏறியது, முகம் அப்படியே நின்றது. அப்பா தோளில் இருந்த புதுத் துண்டை எடுத்து டிவி மேல் போட்டு அந்த முகத்தை மூடினார். பிறகு மாலை போட்டிருந்த பெரியப்பா படத்தின் பக்கம் திரும்பி, "ஒரே ஒரு தபா 'டேய்'னு கூப்ட்ருந்தா வந்திருப்பனேண்ணா! இம்மாம் நாளும் அத்துக்குத்தானே காத்துகினு இருந்தேன்!" என்று வாய்விட்டு அழுதார். பதினாறு நாளில் அப்பா துண்டு இல்லாமல் அழுதது அப்போதுதான். நானும் அழுதேன். சிடி, சாஃப்ட்வேர், மானம் மரியாதை எல்லாம் எனக்கு மறந்துபோனது.

மூக்கைத் துடைத்துக்கொண்டு அப்பா சொன்னார். "படமாவது ஒண்ணாவது. மாப்ளைக்கே கட்டுங்க. இப்டி நின்னவனுக்கு இன்னா யோக்யத கீது?" சொல்லிவிட்டு வெளியே நடந்தார்.

"டேய் ஏழுமல!"

பெரியம்மா குரல். அதுவரைக்கும் என் அப்பாவை அவள் 'டேய்' போட்டுக் கூப்பிட்டதில்லை, கொழுந்தனை 'தம்பி' என்பாள். பெரியப்பா மட்டும்தான் அப்படிக் கூப்பிடுவார். அப்பா நின்ற இடத்தில் நின்றார்.

"இன்னா, கூப்ட்டா வருவேன்ன? கூப்ட்டாச்சு இல்ல? வந்து குந்து."

அப்பா வந்து குந்தினார். பெரியம்மா சொல்லி முடிப்பதற்குள் எண்ணூர் மாமா பையோடு முன்னால் வந்து நின்றுவிட்டார். அத்தனை நாள் மடியில் அடைகாத்த துணி, அவசரத்தில் கடை லேபிளைக்கூடக் கிழிக்கவில்லை. லேபிள் நெற்றியில் ஆட, அப்பா உருமா கட்டிக்கொண்டார். சேகர் மாமாவை பெரியம்மா, "மாப்ள, நீ ஒரு பக்கம் புடி" என்று கூப்பிட்டாள். அவர் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டே என் பக்கம் குனிந்து, "உன்ன அப்பால கவனிச்சுக்கறேன்" என்றார். லேபிளைக் கிழித்ததும் அவர்தான்.

அதன் பிறகு எனக்கு வந்த பேர் இருக்கிறதே! மறுநாள் காலையில் வாசலில் இரண்டு பெண்கள் போட்டோவோடு நிற்கிறார்கள். ஒருத்திக்கு மூக்குத்தி காணவில்லை, சந்தேகப்படுகிற நாலு பேரும் ஒரே போட்டோவில் இருக்கிறார்களாம். இன்னொருத்தி பெண்ணுக்கு மூன்று வரன். "சொம்மா மூணுத்தையும் ஒண்ணா ஒட்டி எடுத்தாந்துக்கிறேன். எந்தப் பக்கம் நகருதுன்னு மட்டும் பாத்துச் சொல்லு கண்ணு." நான் எண்ணூர் மாமா வீட்டுக்கு ஓடிப்போய் ஒரு மாசம் இருந்தேன். இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் எது முடிவாகாவிட்டாலும், அது மனையோ மருமகளோ, சேகர் மாமாதான் முதலில் சொல்வார்: "விமலாவ ஒரு படம் போடச் சொல்லுங்கப்பா. எப்டியும் என்னத் தாண்டித்தான் போகும்."

பல வருஷம் கழித்து, எனக்கும் கல்யாணம் ஆகி, சொந்தமாக லேப்டாப்பும் வந்த பிறகு, மனசு கேட்காமல் பெரியம்மாவிடம் போய் உட்கார்ந்தேன். இறால் உரித்துக்கொண்டிருந்தாள். லேப்டாப்பைத் திறந்து பச்சைப் பெட்டி, சிவப்புப் பெட்டி, தாயக்கட்டை பட்டன் எல்லாம் காட்டி, "பெரிம்மா, அன்னிக்கு பெரியப்பா வரல. இதுதான் வந்துச்சு. என்ன மன்னிச்சுடு" என்றேன்.

பெரியம்மா இறாலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அடிப் போடி. எனக்குத் தெரியாதா? உம் பெரியப்பனாவது, இடது பக்கம் போறதாவது. அந்த மனுசன் உசுரோட கீறப்போவே எழுந்து நகர மாட்டான்."

"பின்ன ஏன்...?"

"ஏழுமல வேணாம்னு கோவத்துல ஊர் எதுர்ல நானே சொல்லித் தொலச்சுட்டேன். அப்பால எப்டிடி எறங்கறது? அவன் வெயில்ல குந்திகினு கீறான், எனக்கு இங்க நெழல்ல குந்த முடில. நீ என்னாத்தயோ போட்டு அவன் மூஞ்சியக் கொணாந்து நிறுத்துன. இதான்டா சமயம்னு நெனச்சேன்."

"அப்ப தனம் அத்தைக்கு அருள் வந்ததுதான் உன்னக் காப்பாத்துச்சு" என்றேன்.

பெரியம்மா இறால் நாறும் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து என் எதிரில் காட்டினாள். "அருளு! நாந்தான்டி கிள்ளுனேன். தொடைலே. ரத்தம் கட்ற மாதிரி."

அத்தைக்கு இது தெரியாது. குடும்பத்தில் எந்த விசேஷம் என்றாலும் சாப்பாடு ஆனதும் தனம் அத்தை புது மருமகள்களைச் சுற்றி உட்கார வைத்துக்கொள்வாள். பெரியண்ணன் அன்றைக்கு எப்படித் தன்மேல் இறங்கினான், இறங்குவதற்கு முன்னால், சின்ன வயசில் கிள்ளுகிற மாதிரியே, எப்படிச் சுருக்கென்று தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினான் என்று கண் கலங்கச் சொல்வாள். மூன்று நாள் கன்றிப்போய் இருந்ததாம். பக்கத்தில் பெரியம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள்.

"வலது தொடதானே தனம்?" என்பாள்.

"ஆமாண்ணி, உனக்கு எப்டித் தெரியும்?" என்று மெய்சிலிர்த்துப்போவாள் அத்தை.